முதியோரின் மனச்சோர்வு: பாதுகாப்பான மருந்து எது?



எலியா சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தபோது, தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் உறங்கவிட்டான். மனச்சோர்வு அவிசுவாசமல்ல, சிகிச்சைக்குரிய நோய்.

முதியோரிடம் அது பசியின்மை, தூக்கமின்மை, உடல்வலி, மறதி என்று வேறு வேடத்தில் வரும். "வயதானால் அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். தைராய்டு குறைவும் பி12 வைட்டமின் குறைவும் இதேபோல் தோன்றலாம். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

பழைய மாத்திரை

அமிட்ரிப்டிலின் 1960-களிலிருந்து வழங்கிவரும் மலிவான மருந்து. ஆனால் முதியோருக்கு வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றைத் தரும். எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்வதால் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வோர் உண்டு. இருதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும். 1991-இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பீயர்ஸ் குழுவினர் வெளியிட்ட, முதியோருக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியலிலேயே இது இடம்பெற்றது.

மாற்று மருந்துகள்

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவை முதியோருக்குப் பொதுவாக இதைவிடப் பாதுகாப்பானவை. காப்புரிமை முடிந்துவிட்டதால் ஜெனரிக் மாத்திரைகளாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. செர்ட்ராலினை முதியோருக்கு 25 மி.கி. அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது வழக்கம். பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

இவற்றிலும் எச்சரிக்கை தேவை. இரத்தத்தில் சோடியம் குறையலாம். ஆஸ்பிரினுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். விழும் அபாயமும் முற்றிலும் நீங்காது. மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் மாற்றவோ, திடீரென நிறுத்தவோ கூடாது.

மாத்திரையில்லா மருந்து

கோவாவில் 60 வயதைக் கடந்த, இலேசான மனச்சோர்வு அறிகுறிகளுள்ள 181 பேரிடையே நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒரு பகுதியினருடன் பேசி, அன்றாடப் பிரச்சினைகளைத் தீர்க்கவும் நன்றாய் உறங்கவும் கற்றுக்கொடுத்தனர். ஓராண்டில் அவர்களில் 91 பேருக்கு 4 பேரே முழு மனச்சோர்வு நோய்க்குள்ளாயினர். மற்றப் பகுதியில் 90 பேருக்கு 13 பேர்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை மாத்திரை வாங்கும், பரிசோதனைக்கு உதவும். ஆனால் உங்கள் சபையில் ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட முதியவரை இந்த வாரம் சந்திக்க உங்கள் கால்கள்தாம் வேண்டும். அவர் சாக விரும்புவதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். ஜெபிப்போம், உடன்நடப்போம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.