உழைக்காத இரும்பைக் காத்தல்: காரைக்கால் ஹைப்ரிட் எஸ்யூவிகளுக்கான வடகிழக்குப் பருவமழைக் கால ஆலோசனை

ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முன்னுள்ள புரட்டாசி வாரங்கள், காரைக்கால் மாவட்டத்தில் ஹைப்ரிட் எஸ்யூவி வைத்திருப்போர் வண்டியைச் சோதித்துச் சீர்செய்துகொள்ள ஏற்ற காலமாகும். அரசலாறு கடலில் கலக்கும் இக்கடைமடைப் பகுதி, ஆண்டு மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் பெறுகிறது. உப்புக் காற்றும், தேங்கும் நீரும், புயலும் அதே மாதங்களில் சேர்ந்தே வருகின்றன.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒன்றுக்கொன்று துணைநின்று சக்கரங்களைச் சுழற்றும் வண்டியே ஹைப்ரிட் எனப்படுகிறது. மின் மோட்டாரால் மட்டுமே சிறிது தொலைவு ஓட வல்லது ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஆகும். 2022இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றில் இவ்வகை உண்டு. இவ்வண்டிகளில் எஞ்சினும் பிரேக்கும் சாதாரண வண்டியில் உள்ளவற்றைவிடக் குறைவாகவே உழைக்கின்றன. வறண்ட உள்நாட்டு ஊரில் இது முழு ஆதாயம். ஆனால் உப்பும் ஈரமும் நிறைந்த கடலோரத்தில் உழைக்காத இரும்பு துருப்பிடிக்கும் என்பதால், காரைக்காலில் வண்டியைப் பேணுவோர் தேய்மானத்தோடு ஓய்வையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அஞ்ச வேண்டாத ஓசைகள்

பழுதின் ஓசையைப் பிரித்தறிய, இயல்பான ஓசையை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் சில நொடிகள் கேட்கும் ரீங்காரம், பிரேக் திரவத்துக்கு அழுத்தமேற்றும் மின் பம்ப்பினுடையது. வண்டியை இயக்கும்போதும் அணைக்கும்போதும் எழும் ‘டக்’ என்னும் ஒலி, உயர்மின்னழுத்த பேட்டரியை இணைத்தும் துண்டித்தும் விடும் ரிலே என்னும் மின்காந்த சுவிட்சினுடையது. வேகம் குறையும்போது மெல்லிய கீச்சொலியுடன் மோட்டார் மின்னாக்கியாக மாறுவதும், திருநள்ளாற்றில் சனிக்கிழமை நெரிசலில் ஊர்ந்து நிற்கையில் எஞ்சின் தானாக எழுந்து தானாக அடங்குவதும் இயல்பானவையே. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகையில் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின் ஆதலால், மோட்டாரின் அமைதிக்குப் பின் அது எழும்போது சிறு அதிர்வு தென்படும்.

இவ்வோசைகள் வழக்கத்தைவிட நீண்டாலோ, எச்சரிக்கை விளக்கு உடன் எரிந்தாலோதான் சர்வீஸ் சென்டரை நாட வேண்டும். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி திடீரென உரக்க இரைந்தால், பின்னிருக்கையை ஒட்டி அமைந்திருக்கும் அதன் காற்றுத் துவாரத்தைப் பையோ துணியோ கடற்கரை மணலோ அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். துவாரத்தின் இடம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வண்டிக் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நலம்.

பிரேக்

ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பும் முறைக்கு மீளாக்கப் பிரேக் என்று பெயர். வேகக் குறைப்பின் பெரும்பங்கை அதுவே ஏற்பதால், பிரேக் பேட் டிஸ்கை உரசும் நேரம் குறைந்துவிடுகிறது. இரவு முழுதும் மழையில் நின்ற வண்டியின் சக்கர ஆரங்களின் இடைவெளி வழியே காலையில் பார்த்தால், பளபளக்க வேண்டிய டிஸ்கின் முகத்தில் காவி பூசியதுபோல் செம்மஞ்சள் படலம் ஒன்று படிந்திருக்கும். வண்டி நகர்ந்ததும் ‘சர்ர்’ என்று எழுந்து, சில முறை பிரேக் மிதித்த பின் அடங்கிவிடும் உராய்வொலி இப்படலத்தினுடையதே, அது பழுதன்று.

படலம் நாட்கணக்கில் தங்கினால் டிஸ்கில் குழிகள் விழும், பேட் நகர வழிசெய்யும் நகர்முள் இறுகும். இதைத் தவிர்க்க, ஆள்நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மிதமான வேகத்திலிருந்து சற்று அழுத்தமாகச் சில முறை பிரேக் மிதிப்பதை வார வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பேட் தேயவில்லை என்பதற்காகப் பிரேக் சோதனையைத் தள்ளிப்போடாமல், மழைக்கு முன் சக்கரங்களைக் கழற்றி நகர்முள்களைத் துடைத்து உரிய கிரீஸ் இடச் சொல்ல வேண்டும். சில முறை பிரேக் மிதித்த பின்னும் உராய்வொலி தொடர்ந்தாலோ, வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ அன்றே காட்டுவது அவசியம்.

12 வோல்ட் பேட்டரி

எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் வேலை உயர்மின்னழுத்தம் கொண்ட பெரிய பேட்டரியுடையது. சிறிய 12 வோல்ட் பேட்டரி, கணினிகளை விழிக்கச் செய்து ரிலேயை மூடும் சிறு வேலையை மட்டுமே செய்கிறது. எனினும் அது தளர்ந்தால், பெரிய பேட்டரியில் மின்சாரம் நிறைந்திருந்தும் வண்டி எழாது. பிரான்சிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டிகளில் இத்தொல்லை எளிதில் நேரும். வாரம் ஒருமுறை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவ்வண்டியை ஓட்ட வேண்டும். வண்டி ஓடத் தயார் எனக் காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியாத நிலையில் பாட்டுக் கேட்பது பேட்டரியை வடிக்குமேயன்றி நிரப்பாது. ஓய்விலிருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் அது நிறைவாக உள்ளது, 12.2க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும்.

வைக்கோலும் எலியும்

குறுவை அறுவடையின்போது நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்துச் சாலைகளில் கிடக்கும் வைக்கோல் மீது ஏறிச் சென்றபின் அடியில் சரசரப்புக் கேட்டால், வண்டியை நிறுத்தி அணைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். அச்சில் சுற்றிய வைக்கோல் சூடான புகைக்குழாயைத் தொட்டால் தீப்பற்றக்கூடும். குழாய் ஆறிய பின்னரே வைக்கோலை அகற்ற வேண்டும். வயல் நீரில் மூழ்கியதும் எலிகள் ஒதுங்கும் இடங்களுள் எஞ்சின் அறையும் ஒன்று என்பதால், நிறுத்திவைத்த வண்டியின் பானெட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள் உயர்மின்னழுத்தம் பாயும் வழியாகும். அதில் பல்தடம் தென்பட்டால் கைவைக்காமல், பயிற்சி பெற்ற மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

நீரும் புயலும்

தேங்கிய நீரில் வண்டி ஓசையின்றிப் போவதால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை என்று கருதலாகாது. ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியிலோ பேட்டரி குறைந்த நொடியிலோ எஞ்சின் தானாக எழும். அப்போது காற்றுக்குழாய் நீருக்குள் இருந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்து எஞ்சின் உடையும். ஆழம் தெரியாத நீரில் இறங்காமலிருப்பதே இதற்கு ஒரே காப்பு. மூழ்கிய வண்டியை ‘எழுகிறதா’ என்று பார்க்கும் பொருட்டு பட்டனை அழுத்தக் கூடாது. அதைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. முன்சக்கரங்கள் சுழன்றால் மோட்டார் மின்சாரம் ஆக்கும் என்பதால், நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாதபடி மேடை லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டும். வண்டிக் காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு உள்ளதா என்பதைப் பாலிசியை எடுத்து இப்போதே பார்த்துக்கொள்வது நன்று.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பின், டெல்டாவின் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய இரவில் ஹைப்ரிட் வண்டியின் ஏசியிலும் செல்போன் சார்ஜரிலும் குடும்பம் அடைக்கலம் தேடுவது இயல்பே. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ‘ரெடி’ நிலையில் விட்டால், சற்றுமுன்வரை ஓசையற்றிருந்த எஞ்சின் உள்ளிருப்போர் உறங்கிய பின் தானாக எழுந்து, மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடை நிரப்பிவிடும். ஆகவே வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, விழித்திருப்பவர் ஒருவர் உடனிருக்கும் வரை மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். உறங்கச் செல்லுமுன் வண்டியை அணைத்து, ‘ரெடி’ விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.