அட்டவணை வேண்டாம், வரிசை போதும்

கேள்வி: மூத்தவளுக்கு 7 வயது, நடுவில் உள்ளவனுக்கு 5, கடைக்குட்டிக்கு 2 முடிந்திருக்கிறது. போன ஜூன் மாதம் மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சார்ட் பேப்பரில் நேர அட்டவணை எழுதி ஹால் சுவரில் ஒட்டினேன். 9 மணிக்குத் தமிழ், 9.40-க்குக் கணக்கு என்று. ஒரு வாரம்கூட ஓடவில்லை. தமிழை எடுக்கும்போதுதான் சின்னவன் அழுவான், குக்கர் விசில் அடிக்கும், கேஸ்காரர் வருவார். சரி, பிள்ளைகள் இஷ்டப்படி கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுப் பார்த்தேன். அது அதைவிட மோசம். வீடு முழுக்கக் காகிதம், க்ரேயான், புளியங்கொட்டை. 11 மணிக்கெல்லாம் நான் கத்த ஆரம்பித்துவிடுகிறேன். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், காலையில் போனால் ராத்திரிதான் வருவார். மாமியார், “ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் பள்ளிக்கூடம் போகுது, நம்ம வீடு மட்டும் சந்தைக்கடையா கெடக்கு” என்கிறார். அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றுகிறது. ஒழுங்கும் வேண்டும், பிள்ளைகளை விரட்டவும் கூடாது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் அந்தச் சார்ட் பேப்பரைக் கழற்றிவிடுங்கள். அது தோற்றதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 40 நிமிடப் பீரியட் என்பது பள்ளிக்கூடத்தின் தேவைக்காக வந்தது. ஒரே ஆசிரியர் ஒரு வகுப்பை முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். ஒரு வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைப் படித்தாக வேண்டும். மணி அடிக்காமல் அங்கே வேலை நடக்காது. உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று வயது, அடுப்பில் சாதம். அந்த மணியை இங்கே கொண்டுவந்து மாட்டினால் அது குழந்தைகளைவிட உங்களைத்தான் அதிகம் துரத்தும்.

ஆனால் அட்டவணையைக் கழற்றியதோடு வரிசையையும் சேர்த்துக் கழற்றிவிட்டீர்கள். உங்கள் வீட்டு 11 மணிச் சத்தத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வரிசை என்றால், எதற்குப் பிறகு எது என்பது. காலைச் சாப்பாடு முடிந்ததும் கதை. கதை முடிந்ததும் எழுத்தும் எண்ணும். அதன் பிறகு கைவேலை, சமையலறை வேலை, அவரவர் விளையாட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு முழுக்க ஓய்வு. தூங்காத பிள்ளை பாயில் படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம், ஆனால் சத்தம் கூடாது. வெயில் தாழ்ந்ததும் வெளியே. இதில் எங்கேயும் மணி எழுதவில்லை, பார்த்தீர்களா? உறவினர் வந்து காலைச் சாப்பாடு 10 மணிக்கு முடிந்தால் கதை 10 மணிக்கு ஆரம்பிக்கும். தாமதம் என்ற பேச்சே எழாது. கடிகாரம் பார்க்கத் தெரியாத 2 வயதுக் குழந்தைக்குக்கூட, தட்டை எடுத்து வைத்ததும் கதை வரும் என்பது சில வாரங்களில் பழகிவிடும். அவனே புத்தகத்தை இழுத்துக்கொண்டு வருவான். “அடுத்து என்ன” என்பது குழந்தைக்கே தெரிந்துவிட்டால், நீங்கள் ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டு, கெஞ்சி, அதட்டி உட்கார வைக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் உங்களைக் களைத்துப்போகச் செய்வது பாடம் அல்ல, இந்தக் கூப்பாடுதான்.

உட்கார்ந்து படிக்கும் பகுதியைச் சின்னதாக வையுங்கள். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் சிறு குழந்தைகளுக்கான பாடம் எதுவும் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார். மூத்தவளுக்கு அப்படி மூன்று துண்டுகள், நடுவில் உள்ளவனுக்கு ஒன்று. இந்த வயதுக்கு மேஜைப் படிப்பு இவ்வளவு போதும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றில் எது முதலில் என்பதை அவளே முடிவு செய்யட்டும். டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ படித்திருப்பீர்கள். அந்த டோமோயி பள்ளியில் அன்றைக்கு முடிக்க வேண்டியவற்றை ஆசிரியர் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார். எதில் ஆரம்பிப்பது என்பது பிள்ளையின் விருப்பம். செய்து முடிக்க வேண்டியது மாறாது, ஆரம்பிக்கும் இடம் மட்டும் குழந்தையின் கையில். நீங்கள் கேட்ட ஒழுங்கும் விரட்டாமையும் ஒரே பலகையில் இருந்தன.

அடுத்தது பொருள்கள். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். உலகப் போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் பல வருடங்கள் இருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவர் முறையில் குழந்தை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் அலமாரியில் ஓர் இடம் உண்டு, திரும்ப அங்கேதான் போக வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட்தான் இருக்கும். இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருப்பதும் பாடத்தில் சேர்த்தி. இதை வீட்டில் செய்யக் காசு செலவில்லை. ஹாலில் கீழ்த்தட்டு ஒன்றைக் காலி செய்து அதில் ஐந்தாறு பொருள் மட்டும் வையுங்கள். மீதியைப் பரணில் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை இரண்டை மாற்றினால் போதும். புளியங்கொட்டைக்கு ஒரு டப்பா, அதை விரிக்க ஒரு பழைய பாய். பாயை விட்டு வெளியே கொட்டை போகக் கூடாது என்பது ஒரே சட்டம். நூறு பொருள் இறைந்து கிடக்கும் தரையில் எந்தக் குழந்தையும் ஒன்றில் நிலைக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கு வராததால் அப்படி ஆகவில்லை. எதிரில் கிடப்பது அதிகம், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கலவரத்துக்கு வருகிறேன். எல்லாக் கலவரமும் ஒன்றல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் சமையலறை வாசலில் உட்கார்ந்து அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு படி, ஓர் ஆழாக்கு, பழைய பெட்ஷீட். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பாட்டி சொல்லியிருந்தார். அண்ணன் விரலால் வழித்துத் தலைதட்டி எட்டு முறை ஊற்றினான், படி சரியாக நிறைந்தது. தம்பி ஒவ்வொரு ஆழாக்கையும் குவித்துக் குவித்து ஊற்றினான், ஏழாவதிலேயே படி வழிந்துவிட்டது. பாட்டி பொய் சொல்லிவிட்டார் என்று தம்பி கத்த, நீ அளந்தது தப்பு என்று அண்ணன் கத்த, அரிசி கால்வாசி தரையில். எட்டிப் பார்த்தால் அது சண்டை, குப்பை. ஆனால் அங்கே நடந்துகொண்டிருந்தது அளவை பற்றிய உண்மையான விவாதம். அளவு என்றால் எல்லோரும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டும் என்பதை அந்தத் தம்பிக்கு எந்தப் புத்தகமும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்காது. அவர்கள் அம்மா குறுக்கே போகவில்லை. சண்டை தானாக அடங்கி, இரண்டாவது முறை இருவரும் தலைதட்டி அளந்து முடித்த பிறகு கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட கலவரத்தைத் தொடாதீர்கள். அடையாளம் எளிது: கை ஒன்றில் ஊன்றியிருக்கும், பேச்சு அந்தப் பொருளைப் பற்றியே இருக்கும். இன்னொரு வகை உண்டு. ஒன்றை எடுப்பான், எறிவான், அடுத்ததைப் பிடுங்குவான், தம்பியைக் கிள்ளுவான், காரணமில்லாமல் சிணுங்குவான். அது பசி, தூக்கம், புழுக்கம், அல்லது வெகுநேரமாக உங்கள் முகத்தைப் பார்க்காதது. அந்த நேரத்தில் “எல்லாத்தையும் எடுத்து வை” என்று ஆரம்பித்தால் வீடு போர்க்களமாகும். தரை அப்படியே கிடக்கட்டும். ஆளுக்கு ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம், பத்து நிமிடம் மரத்தடி. திரும்பி வந்து எல்லோருமாக எடுத்து வைக்கலாம். உங்கள் 11 மணி எனக்குப் பசி நேரமாகத்தான் தெரிகிறது. காலை 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்ட குழந்தைக்கு 10.30-க்கு ஏதாவது வயிற்றுக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கும்தான், நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

கடைக்குட்டியை எப்போதும் முதலில் கவனியுங்கள். பெரியவர்களுக்குப் பாடம் முடிந்த பிறகு உன்னைத் தூக்குகிறேன் என்பது 2 வயதுக்குப் புரியாது, அவன் அந்தப் பாடத்தையே கலைத்துப்போடுவான். கதை முடிந்ததும் கால் மணி நேரம் அவனுக்கே கொடுங்கள், மடியில் வைத்து, வேறு வேலை இல்லாமல். பிறகு அரை வாளித் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு துணி. முற்றத்தில் உங்கள் கண் பார்வையிலேயே உட்காரட்டும். தண்ணீர் வாளியோடு தனியாக மட்டும் விடாதீர்கள். மூத்தவள் தனியாகக் கவனித்துப் படிக்க வேண்டியதை அவன் மதியம் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே வரியில் வந்து போகிறார். இதை லேசாக விட எனக்கு மனமில்லை. வீட்டில் கல்வி என்பது குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவு என்றால், அதன் வேலை ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது. ஏழு வயதுப் பெண்ணை வாரத்தில் இரண்டு முற்பகல் கடைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். எடை போடுவது, பொட்டலம் எண்ணுவது, 100 ரூபாய்க்குச் சில்லறை சொல்வது, கணக்கு நோட்டில் பெயர் எழுதுவது என்று மளிகைக் கடையில் இரண்டாம் வகுப்புப் பாடம் பெரும்பகுதி இருக்கிறது. அந்த இரண்டு முற்பகலும் உங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைவு. மாமியாரையும் எதிர்ப்பக்கம் நிறுத்தாதீர்கள். காலைக் கதையை அவரிடமே ஒப்படையுங்கள். தினமும் அரைமணி நேரம் பேரப்பிள்ளைகள் தன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவரது சந்தைக்கடைப் பேச்சு தானே குறையும். அப்போது நீங்கள் சமையலை முடிக்கலாம்.

இதையெல்லாம் செய்து பார்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்தும் தினமும் கத்திக்கொண்டேதான் இருக்கிறீர்கள் என்றால், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது, பாட்டும் செயல்பாடுமாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒருநாள் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். சட்டச் சிக்கல் வருமா? பிற்காலத்தில் சான்றிதழுக்கு என்ன வழி?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தருவது அரசின் கடமை என்பதுதான் அதன் மையம். அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக் கல்விக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே யாராவது கேட்டால் காட்ட, கல்வி நடக்கிறது என்பதற்கான பதிவு உங்களிடம் இருக்க வேண்டும்.

பதிவு என்றதும் பெரிய கோப்பு எதுவும் வேண்டாம். ஒரு நீள நோட்டு. ராத்திரி இரண்டு வரி: இன்று என்ன படித்தான், எதைக் கேட்டான். மாதம் ஒன்றிரண்டு எழுத்துத் தாளை அதில் ஒட்டுங்கள். சில வீடுகளில் காலையில் திட்டம் எழுதி, ராத்திரி அது நடக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். முன்கூட்டி எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதத்து நோட்டைப் புரட்டினால், எது வரவேயில்லை என்பது கண்ணில் படும். அடுத்த மாதம் அதைக் கொண்டுவாருங்கள். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வயதுக்கான வகுப்பில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பார்க்க அவை போதும்.

சான்றிதழுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. அதன் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ஏ, பி, சி என மூன்று நிலைகள்; அவை முறையே 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். இடையில் பள்ளிக்கே திரும்பலாம் என்று தோன்றினாலும் வழி உண்டு: பள்ளியில் சேராத பிள்ளையை அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நல்ல ஒழுங்கு இருந்தது. தங்கை கல்யாணம், அதன் பிறகு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று எல்லாம் குலைந்துபோயிற்று. திரும்ப ஆரம்பிக்கவே மலைப்பாக இருக்கிறது.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: விட்டுப்போன பாடத்தைக் கணக்குப் போடாதீர்கள். அதைத் துரத்திப் பிடிக்க நினைத்தால் முதல் நாளே மூச்சு முட்டும். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை இன்னும் சில நாள் சோர்ந்துதான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். கல்யாண வீட்டில் பிள்ளைகள் சும்மா இருந்திருக்கவும் மாட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள், யார் யாருக்கு என்ன உறவு, மொய் நோட்டை யார் எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு முற்பகல் ஓடிவிடும்.

முதல் மூன்று நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை மட்டும் படியுங்கள், வேறெதுவும் வேண்டாம். நான்காம் நாள் அதோடு மதிய ஓய்வைச் சேருங்கள். அது பிடிபட்ட பிறகு எழுத்து. கணக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.