ஐந்து பங்கு எழுதும் முன்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 16 ஆண்டுகளாக இந்தப் போட்டி நடக்கிறது. ஆளுக்கு ஐந்து பங்கு. கற்பனையாக ஒரு லட்சம் ரூபாய், பங்குக்கு 20,000. மார்ச் மாதத்தின் கடைசி வர்த்தக நாள் முடிவு விலையில் வாங்கியதாகவும், மறு ஆண்டு அதே நாளில் விற்றதாகவும் கணக்கு. நடுவில் மாற்றக் கூடாது. வென்றவர் செலவில் எல்லோருக்கும் டிபன். வங்கியில் ஓய்வுபெற்றவர்கள், மில் சூப்பர்வைசர், பள்ளி ஆசிரியை, மருந்துக்கடைக்காரர் என்று 11 பேராக இருந்தோம். இந்த ஆண்டு இளையவர்கள் ஆறு பேர் சேர்கிறீர்கள். முதல் ஆண்டிலிருந்து நோட்டு எழுதுகிறவன் நான். பட்டியல் தருவதற்கு முன் சில விஷயங்களை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், கண்ணுகளா.

1. முதலில் காரணத்தை எழுதுங்கள், பிறகு பங்கின் பெயரை.

ஒவ்வொரு பங்குக்கும் கீழே நான்கு வரி வேண்டும். கம்பெனி எதை விற்றுச் சம்பாதிக்கிறது? அடுத்த ஆண்டு ஏன் கூடுதலாகச் சம்பாதிக்கும்? கடன் எவ்வளவு? எது நடந்தால் என் கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்வேன்? நான்காவது வரி எழுதத்தான் கை தயங்கும். அதை எழுதாத பட்டியலை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மறு ஆண்டு மதிப்பெண் படிப்பதற்கு முன் இந்த வரிகளைத்தான் எல்லோர் முன்னாலும் படிப்போம். இடையில் ஓர் ஆண்டு ஓடியிருக்கும். அதற்குள் மனசு தன் கதையை நாலைந்து முறை மாற்றிக்கொண்டுவிடும். ஏறிய பங்கைப் பார்த்து ‘அப்பவே எனக்குத் தெரியும்’ என்னும், இறங்கியதைப் பார்த்து ‘சந்தை சரியில்லை’ என்னும். நோட்டில் இருக்கும் எழுத்து மட்டும் மாறாமல் இருக்கும்.

ஓர் ஆண்டு மருந்துக்கடை நண்பர், ஏற்றுமதி கூடும் என்று எழுதி ஒரு மருந்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். ஏற்றுமதி குறைந்துதான் போனது. ஆனால் கம்பெனி பழைய நிலம் ஒன்றை விற்றதில் பெரிய தொகை வந்து பங்கு நன்றாக ஏறிவிட்டது. முதலிடம் அவருக்கு. வரிகளைப் படித்து முடித்ததும் அவரே எழுந்து, “இது என் கணக்குல வந்த லாபம் இல்லீங்க” என்றார். டிபன் வாங்கிக் கொடுத்தார், ஆனால் அந்தப் பங்கில் சொந்தக் காசு போடவில்லை. இத்தனை ஆண்டுகளில் எங்கள் மாடியில் நான் பார்த்த மிகச் சிறந்த முதலீட்டாளர் அவர்தான்.

2. உங்களோடு சேர்த்துப் போட்டியில் 17 பேர். 18ஆவதாக நிஃப்டி 50 குறியீடு நிற்கும். 19ஆவது என் பேத்தி.

பேத்தி எதையும் ஆராய்வதில்லை. நிஃப்டியில் இருக்கும் 50 கம்பெனிகளின் பெயரையும் சீட்டில் எழுதிச் சொம்பில் போடுவேன், அவள் ஐந்தை எடுப்பாள். நாம் உழைத்துப் பெற்றதா, சும்மா வந்ததா என்று தெரிய இந்த இரண்டு பேரும் தேவை.

இந்த யோசனை எனக்கு முளைத்ததல்ல. பர்ட்டன் மால்கியல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1973இல் எழுதிய நூலில், கண்ணைக் கட்டிக்கொண்ட குரங்கு பத்திரிகையின் பங்குப் பக்கத்தில் அம்பு எறிந்து தேர்ந்தெடுத்தாலும் நிபுணர்களுக்குச் சமமாக வரும் என்று சொல்லியிருந்தார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 1988இல் அதைப் போட்டியாகவே நடத்தத் தொடங்கியது. நிபுணர்கள் ஆளுக்கொரு பங்கைச் சொல்வார்கள், பத்திரிகைக்காரர்கள் பலகையில் அம்பு எறிவார்கள். 1998 வரை நடந்த 100 போட்டிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். அம்பை நிபுணர்கள் 61 முறை வென்றிருந்தார்கள். டோ ஜோன்ஸ் குறியீட்டை வென்றதோ 51 முறைதான், ஏறக்குறைய பூவா தலையா போட்ட மாதிரி. அந்த 61லும் கொஞ்சம் கழிக்க வேண்டும். நிபுணர் பெயர் சொன்ன பங்கை அன்றைக்கே வாசகர்கள் ஓடிப்போய் வாங்கியதால் விலை ஏறியது, பிறகு அந்த ஏற்றம் கரைந்தது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நம் நோட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2020 மார்ச் 31 அன்று நிஃப்டி 8,598. கொரோனா பயத்தில் சந்தை விழுந்து கிடந்த நேரம். மறு ஆண்டு அதே நாளில் 14,691. ஏறக்குறைய 71 சதவீதம். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு 58 சதவீதம் வந்தது. வேலையை விட்டுவிட்டுச் சந்தையிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டான். நிஃப்டியின் வரியை விரல் வைத்துக் காட்டினேன். எதுவும் செய்யாமல் குறியீட்டில் போட்டு வைத்தவனைவிட அவன் 13 சதவீதப் புள்ளி குறைவு. வேலையை விடவில்லை. 60 சதவீதம் வந்த ஆண்டில்கூடத் தோற்றிருக்க முடியும் என்பது புதியவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நிஃப்டியே 26 சதவீதம் விழுந்தது. அந்த ஆண்டு 15 சதவீதம் இழந்த ஆசிரியை உண்மையில் நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தார்.

3. போட்டிப் பட்டியலை அப்படியே வீட்டுப் பணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதை மட்டும் மறக்காமல் இருந்தால் எனக்குப் போதும். போட்டியில் முதலிடத்துக்குத்தான் பெயர். ஏழாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் ஒன்றே. ஆகவே முதலிடம் வேண்டுமென்றால், எது மூன்று மடங்கு ஆகுமோ அல்லது ஒன்றுமில்லாமல் போகுமோ அதைத் தேடி எழுதத் தோன்றும். போனால் நோட்டில் ஒரு எண் குறையும், அவ்வளவுதான். வீட்டுப் பணம் அப்படியா? அங்கே யாரும் முதலிடம் கேட்கவில்லை. மகளின் படிப்புக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் பணம் நிற்க வேண்டும்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். ஐந்தாம் ஆண்டில் போட்டியை வென்றேன். 9 ரூபாய்ப் பங்கு ஒன்று 31 ரூபாய்க்குப் போனது. எனக்குக் கண் திறந்துவிட்டதாக நினைத்தேன். ஓய்வூதியப் பலனில் இரண்டு லட்சம் ரூபாயை எடுத்து அதே பங்கில் போட்டேன், வீட்டில் சொல்லாமல். மூன்று மாதத்தில் லோயர் சர்க்யூட் விழத் தொடங்கியது. தினமும் காலையில் விற்க ஆர்டர் போடுவேன். என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஓர் ஆள் இருக்க மாட்டார். 5 சதவீதம் இறங்கி விலை அன்றைய எல்லையில் நின்றுவிடும். மறுநாளும் அதே. நோட்டில் ‘விற்றதாகக் கணக்கு’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். நிஜத்தில் விற்க எதிரே ஒருவர் வேண்டும். கடைசியில் கைக்கு வந்தது 38,000. என் மனைவியிடம் அதைச் சொன்ன மாலை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதிலிருந்துதான் சிறிய, அன்றாட வியாபாரம் குறைந்த கம்பெனிகளை நம் போட்டியில் அனுமதிப்பதில்லை.

4. பக்கத்தில் நடக்கும் தொழிலைப் பாருங்கள்.

நாம் மில்லும் பம்பும் ஃபவுண்டரியும் உள்ள ஊரில் இருக்கிறோம். நூல் விலை எப்போது ஏறுகிறது, மில்கள் எப்போது புது இயந்திரம் வாங்குகின்றன என்பது இங்கே டீக்கடையிலேயே தெரியும். அந்த அறிவு பெரிது. ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி பங்குச்சந்தையில் இருந்தால் அதை எழுதாதீர்கள், அதைப் பற்றி மாடியில் பேசவும் வேண்டாம். வெளியிடப்படாத தகவலை வைத்துப் பங்கு வாங்குவதும் பிறருக்குச் சொல்வதும், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகளின்படி குற்றம்.

5. பங்கின் விலையை வைத்து மலிவு என்றோ கிராக்கி என்றோ முடிவு செய்யாதீர்கள். திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கம்பெனியின் பங்குகள் மொத்தமே அரைக் கோடிக்கும் குறைவு, அதனால் ஒன்றின் விலை பெரிதாகத் தெரிகிறது. 9 ரூபாய்ப் பங்கு அதைவிடக் கிராக்கியாக இருக்க முடியும். லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. மற்றவர்கள் எதை எழுதுவார்கள் என்று யோசித்து எழுதாதீர்கள். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936இல் எழுதிய நூலில் ஒரு பத்திரிகைப் போட்டியைச் சொல்கிறார். 100 படங்களில் ஆறு அழகான முகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் தேர்வோடு யாருடையது ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. எனவே யாரும் தன் கண்ணுக்கு அழகானதை எடுப்பதில்லை, பிறர் எதை எடுப்பார்கள் என்றே பார்க்கிறார்கள். சந்தையும் அப்படித்தான் என்றார். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் டிப்ஸ் இந்த வகை. அதைப் பார்த்து எழுதியவர்களால் முதல் வரியையே நிரப்ப முடிவதில்லை.

7. நோட்டுக் கணக்கைச் சரியாக வையுங்கள்.

2020 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. 20,000க்கு மேல் இருந்த விலை 2,000 சொச்சத்துக்கு வந்தது. அதை எழுதியிருந்த ஒருவர் எல்லாம் போய்விட்டது என்று பதறி எனக்குப் போன் செய்தார். ஒன்றும் போகவில்லை, பங்கு பத்து மடங்காகியிருந்தது. ஸ்பிலிட், போனஸ் இரண்டையும் கவனித்து எண்ணிக்கையைத் திருத்த வேண்டும். டிவிடெண்டைச் சேர்க்க வேண்டும். உங்கள் பக்கம் டிவிடெண்டைச் சேர்த்துவிட்டு நிஃப்டியின் பக்கம் விட்டுவிடுவது நியாயமில்லை. டிவிடெண்டும் சேர்ந்த நிஃப்டி டி.ஆர்.ஐ. என்ற குறியீடு இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் அதோடுதான் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று 2018இலிருந்து விதி. நாமும் இனி அதையே வைத்துக்கொள்வோம்.

8. நல்ல பெயர், விருது, மேடைப்பேச்சு எதுவும் நான்கு வரியில் வராது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008இல் சிறந்த நிர்வாகத்துக்கு விருது வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கணக்கு பொய் என்று கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. அப்போது அது நிஃப்டியிலேயே இருந்த கம்பெனி. எவ்வளவு பெரிய கம்பெனியும் இப்படி விழலாம், அதனால் ஐந்தையும் ஒரே துறையில் எழுத வேண்டாம்.

9. பணம் வைக்காதீர்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம், பரிசுத்தொகை வேண்டாம். பங்கு விலையை வைத்துப் பரிசுப் பணம் தரும் போட்டிகளில் சேர வேண்டாம் என்று செபி 2016இலும் 2024இலும் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. டிபனோடு நிற்கட்டும். ஆறு பேரில் இரண்டு பேர் ஆப்ஷனைப் பற்றிக் கேட்டீர்கள். 2022 நிதியாண்டு முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செபியே வெளியிட்ட கணக்கு. நம் நோட்டில் அதற்குப் பக்கம் கிடையாது.

10. இந்த ஆண்டு கடைசியாக வருபவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அவர் அடுத்த மார்ச்சில் கட்டாயம் மாடிக்கு வர வேண்டும். முன்பு இரண்டு பேர் வெட்கப்பட்டு வராமல் நின்றுவிட்டார்கள். அவர்கள் எழுதிய வரிகள் நன்றாக இருந்தன, ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் கம்பெனிகளில் மூன்று நன்றாக வளர்ந்தும் இருந்தன. இரண்டு பேரையும் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். ஒருவர் திரும்பி வந்தார்.

மார்ச்சின் கடைசி வர்த்தக நாள் மாலை மூன்றரை மணிக்குள் பட்டியலை என் கையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தில் இருக்கட்டும். பங்குக்கு நான்கு வரி.