கையில்லாத குளிர்காப்புச் சட்டை

குளிருக்கென அணியும் சட்டைக்குக் கை வேண்டாவோ? கையை வெட்டியெறிந்த கம்பளிச் சட்டை, கூரை பாதி வேய்ந்த குடிசை போன்றதன்றோ? இங்ஙனம் வினவி நகைப்பார் பலர். ஆயினும் மலையேறுவோரும், மரம் வெட்டுவோரும், குளிர்ந்த ஏரிகளிற் படகு வலிப்போரும் அத்தகைய சட்டையை விரும்பி அணிகின்றனர். அஃது அறியாமையால் நேர்ந்த வழக்கமோ, அறிந்து கொண்ட வழக்கமோ என்று சிறிது ஆராய்வோம். இரு துணிகளுக்கிடையே பறவையின் தூவியையோ செயற்கை இழைப் பஞ்சையோ பொதிந்து, வரிவரியாகத் தைத்து, தோளோடு நிறுத்தி, முன்புறம் ஜிப் வைத்த சட்டையே இன்று மிகுதியாக விற்பது. கம்பளியாலும் ஆட்டுத்தோலாலும் ஆய கையில்லாச் சட்டைகளும் இவ்வினத்தனவே.

எவ்வுடையும் தானாக வெப்பம் தருவதில்லை. வெப்பம் தருவது உடல். உடை அதனை ஓடவிடாமற் காக்கின்றது. காப்பதும் துணியன்று, துணியின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றேயாகும். அசையாது நிற்குங் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வாத்தின் மார்பிலுள்ள மென்தூவி, தன் எடைக்கு மிக அதிகமான காற்றைப் பிடித்து வைப்பதனாற்றான் அதற்கு இத்துணைப் பெருமை. (நெடுநல்வாடையில் அரசியின் பள்ளிக்கு அன்னத்தின் தூவி இடப்பட்டதைப் படித்தோர்க்கு இது புதுமையாகாது.) ஆயின் அத்தூவி நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடும், காற்று வெளியேறும், காப்பும் போய்விடும். பாலியெஸ்டர் இழைப் பஞ்சு எடை சற்று மிகினும், நனைந்தபின்னும் ஓரளவு தன் பருமனை இழவாது.

இனி, மார்பையும் முதுகையும் மட்டும் மூடுவதேன்? இதயம், நுரையீரல், ஈரல் ஆகிய உயிர்நிலைகள் அங்குள்ளன. அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் நிற்றல் வேண்டும். அது 35 பாகைக்குக் கீழே இறங்கின் உயிர்க்கே இடையூறு. ஆதலின் குளிர் மிகும்பொழுது உடலானது முற்றுகையிடப்பட்ட கோட்டையின் அரசன்போல் நடந்துகொள்கின்றது: புறமதிலைக் கைவிட்டு அகநகரைக் காக்கின்றது. விரல்களின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, வெப்பமான குருதி உள்ளேயே தங்குகின்றது, விரல் மரத்துப்போகின்றது. மார்பு நன்கு காக்கப்பட்டாலோ இதற்கு மாறாக நிகழும். உள்ளே வெப்பம் போதுமென்று மூளை உணர்ந்தவுடன் அக்குழாய்கள் விரிய, கைக்குக் குருதி பாயும். எனவே கைக்குளிரை நீக்க மார்பை மூடுதல் முரண்போற் றோன்றினும் முரணன்று. உடம்பு குளிர்ந்திருக்கக் கையுறையை மட்டும் மாட்டிக்கொள்வோர் விரல் சூடேறாமல் வருந்துவதும் இதனாலேயே. மதுரையிற் குளிரால் வாடி நாரையை விளித்துப் பாடிய சத்திமுற்றப் புலவர், தம் கைகளையே போர்வையாக்கிக் கிடந்த நிலையைக் கூறுகின்றார். போர்வையற்றவன் கையைக் கொண்டு மார்பைக் காப்பானேயன்றி, மார்பைக் கொண்டு கையைக் காவான்.

இனிக் கூறுவதே இச்சட்டையின் தலையாய பயன். வெளியில் உழைப்போனுக்குக் குளிரினும் கொடிய பகை அவனது வியர்வையாகும். வாளாவிருக்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவு வெப்பத்தை வெளிவிடும். சுமையோடு மேட்டில் ஏறுவோனிடம் அது நான்கைந்து மடங்காகும். தசை செலவிடும் ஆற்றலில் நான்கிலொரு பங்கோ அதனினும் குறைவோதான் வேலையாகின்றது, எஞ்சியதெல்லாம் வெப்பமே. தடித்த கைவைத்த மேலங்கிக்குள் அவ்வெப்பம் போக வழியின்றி வியர்வையாய்ப் பெருகும். ஏறும் வரையில் தீங்கில்லை. உச்சியில் நின்று இளைப்பாறும்பொழுது உழைப்பு நின்றுவிடும், ஈரம் நில்லாது. அசையாத காற்றினும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அன்றியும் 1 கிராம் வியர்வை ஆவியாதற்கு உடலினின்று ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைக் கவரும். சமவெளியினின்று உதகைக்குச் சென்று, 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவை விடியலில் தடித்த மேலங்கியோடு நடந்து ஏறும் இளைஞர், உச்சியில் பல் கிட்டி நடுங்குதற்குக் காரணம் மலைக்காற்று மட்டுமன்று.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் விளையாட்டுக் கருவிகள் விற்று வந்த எட்டி பௌவர் என்பார்க்கு இது உயிர்ப்பாடமாயிற்று என்பர். குளிர்காலத்தில் மீன்பிடிக்கச் சென்றவர், மீன்சுமையோடு செங்குத்தான சரிவில் ஏறுகையில் வியர்த்தார்; நனைந்த கம்பளியுடை உறைந்தது; சோர்ந்து வீழும் நிலையில் நண்பர் துணையால் உய்ந்தார். அதன்பின் அவர் 1936-ஆம் ஆண்டில் தூவி பொதிந்து வரித்தையல் இட்ட சட்டையொன்றை அமைத்து, 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது கையுடையதே. எனினும் எடை குறைந்த காப்பு வேண்டும் என்று அவர் கண்ட வழியிலேயே கையில்லாச் சட்டை மேலும் ஓரடி செல்கின்றது. கைவழி மிகை வெப்பத்தைப் போக்கி, அக்குளின் ஈரக்காற்றை வெளிவிட்டு, மார்பை மட்டும் காக்கின்றது. குறையென்று நகைக்கப்பட்ட அத்திறப்பே அதன் பலகணி.

ஆட்டிடையரும் போர்வீரரும் இதனை நூல் கல்லாமலே அறிந்திருந்தனர். ருமேனியாவின் கார்பேத்திய மலைநாட்டார் ஆட்டுரோமம் உட்புறமாக அமையத் தைத்த கையில்லாத் தோற்சட்டையை நெடுங்காலமாக அணிந்தனர். திபெத்தியர் தம் நீண்ட அங்கியின் கையைத் தைத்தே வைத்தனர். எனினும் வெயிலேறி வேலை மிகும்பொழுது வலக்கையை வெளியே எடுத்து, வெறுங்கையுறையை முதுகில் தொங்கவிடுவர். முதல் உலகப் போரில் ஆங்கிலப் படையினரின் நீண்ட மேலங்கி அகழிகளின் சேற்றையும் நீரையும் உறிஞ்சித் தாங்கவொண்ணாச் சுமையாயிற்று. கம்பளி உள்வைத்த கையில்லாத் தோல் ஜெர்கின் அவர்களுக்கு வழங்கப்பட்டது. மண் வெட்டவும் துப்பாக்கியை உயர்த்தவும் தோள் தடையின்றி இயங்கிற்று. (நம் கடைக்காரர் கைவைத்த சட்டையையே ஜெர்கின் என்று விற்கின்றனர்! சொற்கள் கடல் கடக்கும்பொழுது கை முளைக்கும் போலும்.)

இத்துணை கூறியதால் இச்சட்டை எவ்விடத்தும் போதும் என்று கொள்ளற்க. இஃது இயங்குவோன் உடை, இருப்போன் உடையன்று. ஓரிடத்தில் அமர்ந்து காவல் காப்போனுக்கும் இரவில் கூடாரத்தின் முன் இருப்போனுக்கும் கைவைத்த மேலங்கியே வேண்டும். பனிக்காற்று வீசுமிடத்தில் தோளும் முழங்கையும் திறந்திருத்தல் தீது; அங்கு இதன்மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய சட்டையொன்றை அணிதல் வேண்டும். மழைநாட்டில் தூவியினும் செயற்கைப் பஞ்சே நம்பத்தக்கது என்பது என் கருத்து. நடக்கத் தொடங்குமுன் சிறிது குளிர்வது நன்று. பத்து நிமிடத்தில் அது நீங்கும். ஏறும்பொழுது வியர்வை அரும்பின் ஜிப்பைத் திறத்தலும், நின்றவுடன் மூடுதலும் வேண்டும். சுருட்டினால் ஒரு தேங்காயளவே ஆதலின், வேண்டாதபொழுது பையில் இடுதல் அரிதன்று.

சட்டையைத் தேர்வோர் நிறத்தையன்று, அக்குளின் வெட்டை நோக்குக. அது மிக அகன்றிருப்பின் கையசைக்குந்தோறும் துருத்திபோற் குளிர்காற்றை உள்ளிழுக்கும். மிக இறுகின் தோலை உராயும். அணிந்து, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திப் பார்த்தல் வேண்டும். அப்பொழுது அடிவிளிம்பு மேலேறி இடுப்பு வெளிப்படின், அச்சட்டையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.