துண்டுப்பிரசுரத்தில் படம் ஏன் கறுத்துப்போகிறது?

சோளச் செய்கையைத் தாக்கும் சேனா படைப்புழு 2018இல் இலங்கையில் பரவத் தொடங்கியது. அதனை இனங்காண இரண்டு அடையாளங்கள் உண்டு. தலையில் தலைகீழான ஆங்கில 'வை' எழுத்துப் போன்ற வெளிறிய கோடு. வாலுக்கு அண்மையில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள். இதை விளக்கச் சங்கத்தில் துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். கணினியில் தெளிவாகத் தெரிந்த புழு தாளில் கரிக்கட்டையாக விழுந்தால் புள்ளிகளை எங்கே தேடுவது? வேறு புழு என்றெண்ணி, கடன்பட்ட காசில் பொருந்தாத மருந்தை வாங்க நேரும்.

சிலவேளை படமே விழுவதில்லை, அல்லது சொரசொரப்பாக விழுகிறது. பேஜ்மேக்கர், இன்டிசைன் போன்ற மென்பொருள்கள் பெரிய படங்களைப் பெரும்பாலும் உள்ளே எடுத்து வைப்பதில்லை. படம் இருக்கும் இடத்தின் விலாசத்தையே குறித்துக்கொள்கின்றன. பக்கக் கோப்பை மட்டும் பென்டிரைவில் அச்சகத்துக்குக் கொண்டுபோனால் விலாசம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். படங்களையும் சேர்த்து ஒரே கோப்புறையில் கொண்டுசெல்லுங்கள். பிடிஎப் ஆக மாற்றி, வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது.

படத்தின் அளவையும் பார்க்கவேண்டும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை. 1200 பிக்சல் அகலமான படம் 4 அங்குலத்துக்கே போதும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கறுத்துப்போவதற்குக் காரணம் வேறு. கறுப்பு மையில் சாம்பல் நிறம் கிடையாது. சிறிதும் பெரிதுமான கறுப்புப் பொட்டுகளே கண்ணுக்குச் சாம்பலாகத் தோன்றுகின்றன. மலிவான தாளில் மை ஊறிப் பரவ, பொட்டுகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். போதாக்குறைக்கு, பழுப்புப் புழுவும் பச்சை இலையும் நிறம் நீங்கியதும் ஒரே சாம்பலாகிவிடும். ஆகவே புழுவை வெள்ளைத்தாளில் வைத்துப் படமெடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் நீங்களே கறுப்பு வெள்ளையாக்கி, திரையில் சற்று வெளிறித் தெரியும்வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அச்சடித்த பிரசுரத்தைப் போட்டோக்கொப்பி எடுத்தால் பொட்டுகள் மேலும் பருக்கும், மூலப்பிரதியிலிருந்தே எடுங்கள்.

எங்களைக் கேட்டால், இதற்குப் போட்டோவைவிடக் கறுப்புப் பேனையால் கீறிய கோட்டுப்படமே மேல். கோட்டுக்கு இந்தப் பொட்டுத் தொல்லை இல்லை. கீறத் தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

எதுவானாலும், முதலில் அதே தாளில், அதே இயந்திரத்தில் ஒரு பிரதி எடுங்கள். புழுவைக் காணாத ஒருவரிடம் கொடுத்து, புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். நான்கு என்றால் மிகுதியை அடிக்கலாம்.