யானை பார்க்க ஒரு ஞாயிறு

கேள்வி: பனியன் கம்பெனிக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. குடும்பத்தோடு காரில் போய்க் காட்டு விலங்குகளைப் பார்க்க வழி சொல்லுங்கள்.
- வாசகர், அவிநாசி

பதில்: விடியும் முன் கிளம்பி, பல்லடம், உடுமலை வழியாக மூணாறு சாலையைப் பிடியுங்கள். ஆனைமலை புலிகள் காப்பகத்தைக் கடந்தால், கேரள எல்லையில் சின்னாறு சரணாலயம். மலையின் மழை மறைவில் கிடக்கும் முள்காடு என்பதால் விலங்குகளை மறைக்கும் அடர்த்தி குறைவு. யானை, காட்டெருமை, மான் சாலையோரமே தென்படலாம். ஆற்றோர மரங்களில் அரிய சாம்பல் நிற மலை அணிலைத் தேடுங்கள். திரும்பும்போது அமராவதி முதலைப் பண்ணை குழந்தைகளுக்குப் பிடிக்கும். இருட்டும் முன் காட்டைத் தாண்டிவிடுங்கள். யானை நின்றால் இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக்கை வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.