எர்காட்: நஞ்சும் மருந்தும் மயக்கும்

உலகப் பொருள்களை நஞ்சென்றும் மருந்தென்றும் இரு கூறாக்கி, ஒன்றை அஞ்சி அகற்றுதலும் மற்றொன்றை விரும்பி ஏற்றலும் மாந்தர் இயல்பு. ஆயினும் இயற்கை இவ்விரு கூற்றையும் தனித்தனியே வகுத்து வைக்கவில்லை. ஒரே பூஞ்சணம் ஓரிடத்துக் கொல்லும் நஞ்சாகவும், ஓரிடத்துத் தாயைக் காக்கும் மருந்தாகவும், பிறிதோரிடத்து அறிவைத் திரிக்கும் மயக்குப் பொருளுக்குத் தாயாகவும் நிற்றலை இவ்வியாசத்திற் காட்டப் புகுகின்றோம். அப்பூஞ்சணத்தின் பெயர் எர்காட். அதன் வழிப் பிறந்த மயக்குப் பொருளின் பெயர் எல். எஸ். டி.

இதனை எழுதத் தூண்டியது, விடுதியில் ஓரிரவு நண்பர் இருவர்க்குள் எழுந்த வாதமாகும். ஒருவர், எல். எஸ். டி. மனக்கதவைத் திறந்து மெய்யறிவு தருவதென்றார். மற்றவர், அதன் பெயரைச் சொல்லுதலும் தகாது என்றார். அஃது எதனினின்று பிறந்தது, எவ்வாறு தொழிற்படுவது என்று வினவியபோது இருவரும் விடை கூறவில்லை. யாமும் அறிந்திருக்கவில்லை. தமிழ் பயிலும் எமக்கு இரசாயன சாஸ்திரம் எதற்கென்று நகைப்பார் உளரேல், அறியாத பொருளைப் புகழ்தலும் இகழ்தலும் ஒருபடித்தான பிழையே என்பது எம் விடை. தேடத் தொடங்கிய யாம், எங்கள் வீட்டு முற்றத்திற்கே வந்து சேர்ந்தோம்.

எம் ஊர் மேட்டுப்பாளையம். பவானியாறு மலையிறங்கிச் சமவெளி சேருமிடமும், நீலகிரிக்கு ஏறும் புகைவண்டி புறப்படுமிடமும் அதுவே. கொங்கு நாட்டிற் புன்செய் நிலத்தைக் காடு என்பர். எம் அம்மிச்சி தம் காட்டிற் கம்பு விதைக்குமுன் ஒரு காரியத்தைத் தவறாது செய்வார். பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ வீதம் உப்பைக் கரைத்து, விதையை அதனுட் கொட்டுவார். நல்ல மணிகள் அடியில் தங்கும். பதரும் கருத்துத் தடித்த சில மணிகளும் மேலே மிதக்கும். மிதந்தவற்றை வாரி எறிந்துவிட்டு, தங்கியவற்றை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்துவார். இஃதெல்லாம் எதற்கென்று சிறு வயதில் வினவினோம். "அது ஆகாத மணி கண்ணு. கருதுல தேனா ஒழுகுச்சுன்னா அப்படித்தான் கெட்டுப்போகும். தின்னாக் கிறுகிறுப்பும் வாந்தியும் வரும்" என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. வேளாண்மை நூலார் அதனைத் தேன் ஒழுகல் நோய் என்பர். கிளாவிசெப்ஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்னும் பூஞ்சணம் கம்பு பூக்கும் பருவத்தே பூவினுட் புகுந்து, மணி முதிரவேண்டிய இடத்தைத் தான் கவர்ந்துகொள்ளும். முதலில் தேன்போன்ற நீரைக் கசியவிட்டு, பின்னர்க் கரிய கெட்டிப் பொருளாக இறுகும். 1975ஆம் ஆண்டு இராஜஸ்தானத்தில் இத்தகைய கம்பை உண்ட மக்கள் வாந்தியும் தலைச்சுற்றும் மிகு தூக்கமும் உற்று வருந்தினர். அதனை ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து 1976ஆம் ஆண்டு வெளியிட்டனர். எம் அம்மிச்சி அவ்வறிக்கையைப் படித்தவரல்லர். ஆயினும் அதன் பயனை உப்புநீரால் அறிந்திருந்தார்.

நிற்க. கம்பைப் பற்றும் இப்பூஞ்சணத்திற்கு மேல்நாட்டில் ஓர் உறவு உண்டு. அது ரை என்னும் தானியத்தைப் பற்றும் கிளாவிசெப்ஸ் பர்ப்பூரியா. இதுவும் பூவிற் புகுந்து, தேன் ஒழுக்கி, இறுதியிற் கருநீல நிறமுள்ள சிறு கொம்புபோலக் கதிரினின்று நீண்டு நிற்கும். பழைய பிரெஞ்சு மொழியிற் சேவலின் கால்முள்ளைக் குறித்த சொல்லினின்றே எர்காட் என்னும் பெயர் வந்தது. சேவற்கட்டு கண்ட கொங்கு நாட்டார்க்கு இவ்வுவமையின் பொருத்தம் எளிதில் விளங்கும். நிலத்தில் விழுந்த அக்கொம்பு மறுபருவத்தில் முளைத்து, காற்றில் வித்துத்துகளைப் பரப்பி, புதிய பூக்களைப் பற்றுகின்றது. இச்சுழற்சியைத் துலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1853ஆம் ஆண்டு விளக்கினார்.

அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஏழை மக்கள் இக்கொம்புகள் கலந்த மாவினால் அப்பம் சுட்டு உண்டு மாண்டனர். சிலர்க்கு இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் தீயிற்பட்டனபோல் எரிந்து கருகி விழுந்தன. சிலர்க்கு வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாயின. காரணம் அறியாத மக்கள் இதனை அர்ச். அந்தோணியார் நெருப்பு என்றனர். அந்நோயாளரைப் பேணுதற்கென்றே 1095ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் அந்தோணியார் பெயரால் ஒரு துறவியர் சபை தோன்றியது. அச்சபையாரின் இசன்ஹைம் மடத்திற்காக 1512 முதல் 1516 வரையிற் குரூனவால்ட் என்னும் ஓவியர் தீட்டிய பீடச் சித்திரத்திற் சிலுவையிலுள்ள ஆண்டவரின் மேனியும் புண்களால் நிறைந்து காணப்படுகின்றது. நோயாளர் தம் துன்பத்தையே அவர் மேனியிற் கண்டு ஆறுதலுற்றிருப்பர் என்று எண்ணுதல் தகும்.

இனி, இந்நஞ்சு மருந்தான வரலாற்றைக் கூறுவாம். எர்காட் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை ஐரோப்பிய மருத்துவச்சியர் நெடுநாளாக அறிந்திருந்தனர். 1808ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஸ்டேர்ன்ஸ் என்னும் வைத்தியர் இதனை எழுதி வெளியிட்டார். ஆயினும் மகவு பிறக்குமுன் கொடுத்தபோது கருப்பை மிகச் சுருங்கிச் சேய் இறத்தலும் தாய் ஊறுபடுதலும் கண்டு, மகவு பிறந்தபின் உதிரப்போக்கை நிறுத்துதற்கே அது தக்கது எனப் பின்னோர் தெளிந்தனர். மருந்து ஒன்றே; காலம் மாறின் பயனும் மாறுகின்றது. 1918ஆம் ஆண்டு சுவிட்ஸர்லாந்து பாசல் நகரின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டால் எர்காட்டமீனைப் பிரித்தெடுத்தார். 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டட்லியும் சாஸர் மொயரும் எர்கோமெட்ரின் என்னும் விரைந்து வேலை செய்யும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். பிரசவத்தின்பின் பெருகும் உதிரத்தைக் கருப்பையைச் சுருக்கித் தடுக்கும் மருந்துகளுள் இன்றும் அஃது ஒன்று. இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கு அது தகாது.

இவ்விடத்தில் எம் மாவட்டத்தின் பங்கைக் கூறாது விடுதல் இயலாது. 1906ஆம் ஆண்டு சைதாப்பேட்டையினின்று கோயமுத்தூருக்கு மாற்றப்பட்ட வேளாண்மைக் கல்லூரியே பின்னர் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பயிர்நோய் ஆராய்ந்த கே. எம். தாமஸ், டி. எஸ். ராமகிருஷ்ணன் ஆகியோர் 1940களில் தென்னிந்திய எர்காட்டைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். உலகப்போரால் அயல்நாட்டுச் சரக்கு வருதல் அரிதாயிருந்த காலம் அது. நீலகிரியின் குளிர்ந்த நிலத்தில் ரை பயிரிட்டு, உழவர் அஞ்சும் அந்நோயை வேண்டுமென்றே கதிர்களிற் பற்றச்செய்து, மருந்திற்காகக் கருங்கொம்புகளை அறுவடை செய்தனர். எம் ஊரிலிருந்து நிமிர்ந்து நோக்கினாற் காணும் மலையிலேயே, அம்மிச்சி வாரி எறிந்த பொருளின் உறவை அறிஞர் பயிராக்கினர் என்றறிந்தபோது யாம் வியந்தோம்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே பாசல் நகரில் வேறொன்று நிகழ்ந்தது. எர்காட் மருந்துகள் பலவற்றிற்கும் நடுவாயுள்ள பொருள் லைசெர்ஜிக் அமிலம் என்பதை 1934ஆம் ஆண்டு ஜேக்கப்ஸ், கிரெய்க் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டனர். சாண்டோஸ் நிறுவனத்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் அவ்வமிலத்தோடு வெவ்வேறு பொருள்களை இணைத்துப் புதிய மருந்துகளைத் தேடினார். 1938ஆம் ஆண்டு அவ்வரிசையில் இருபத்தைந்தாவதாக ஆக்கியதே லைசெர்ஜிக் அமில டைஎத்திலமைடு, அஃதாவது எல். எஸ். டி. மூச்சையும் குருதியோட்டத்தையும் ஊக்கும் மருந்தொன்றை நாடிச் செய்த அது, விலங்குகளிற் சிறப்பொன்றும் காட்டாமையால் ஒதுக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அதனை மீண்டும் ஆக்குகையில், அறியாமல் உடலிற் சேர்ந்த சிறு துளியால் அவர்க்கு விந்தையான மயக்கம் உண்டாயிற்று. 19ஆம் நாள் தாமே 0.25 மில்லிகிராம் உட்கொண்டு சோதித்தார். ஓர் அரிசிமணியின் எடை 20 மில்லிகிராம் எனக் கொள்வோமாயின், அஃது அதன் எண்பதில் ஒரு பங்கு. அவ்வளவிற்கே துணைவரோடு சைக்கிளில் வீடு சேர்ந்த அவர், தாம் பித்துற்றதாகவும் இறப்பதாகவும் அஞ்சினார்.

இத்துணைச் சிறிய அளவு இத்துணைப் பெரிய விளைவைத் தருவது எங்ஙனம்? அதன் மூலக்கூற்றில் 20 கார்பன், 25 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூற்று எடை ஏறத்தாழ 323. நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்த அவ்வுருவில் இரண்டு வளையங்கள் சேர்ந்த இண்டோல் என்னும் பகுதி உண்டு. எர்லிக் கரைசலோடு அப்பகுதி ஊதா நிறம் தருதலால் சோதனைச் சாலைகளில் இப்பொருளை ஐயுறவு கொண்டு ஆராய இயலும். புற ஊதாக் கதிரில் அது நீலமாய் ஒளிரும். எனினும் அவ்வொளியிலேயே நெடிது நின்றால் நீரோடு சேர்ந்து வேறு பொருளாகித் தன் ஆற்றலை இழக்கும். எர்கோமெட்ரின் மருந்தை ஒளிபடாமற் குளிரில் வைத்துக் காப்பதற்கும் அதனுள்ளிருக்கும் அந்த லைசெர்ஜிக் அமிலமே காரணம். இன்னும் ஒரு வியப்பு: வலக்கையும் இடக்கையும் உறுப்பால் ஒத்து அமைப்பால் வேறுபடுவனபோல், இம்மூலக்கூறு நான்கு வடிவங்களில் அமையலாம், அவற்றுள் ஒன்றே மனத்தை மயக்கும்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவிற் குருதியினின்று செரடோனின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அது மூளையிலும் உண்டெனத் தெரிந்தது. அதனுள்ளும் இண்டோல் உண்டு. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் தூதுப்பொருள்களுள் அஃது ஒன்று. அதனை ஏற்கும் பூட்டுகளில், வடிவ ஒப்புமையால், எல். எஸ். டி. கள்ளச்சாவிபோற் புகுகின்றது. 1954ஆம் ஆண்டு வூலி, ஷா என்னும் இருவர், மனநோய்க்கும் செரடோனினுக்கும் தொடர்பிருக்கலாம் என்று கூறினர். மனநோயைப் பேய்க்கோளாறென்றும் குணக்கேடென்றும் எண்ணிய உலகிற்கு, அது மூளையின் இரசாயனத்தோடு தொடர்புடையது என்று காட்டிய வழிகளுள் இஃதும் ஒன்று. 1970களிற் கதிரியக்கம் ஏற்றிய எல். எஸ். டி.யைக் கொண்டு மூளையில் அவ்வேற்பிகள் உள்ள இடங்களைக் கண்டனர். 2017ஆம் ஆண்டு வடகரோலினாப் பல்கலைக்கழகத்தார், அம்மூலக்கூறு ஏற்பியொன்றனுட் படிந்த நிலையைப் படிகமாக்கிக் கண்டனர். உட்புகுந்த பொருளின்மேல் ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோற் கவிதலே மயக்கம் பல மணிநேரம் நீடித்தற்கு ஒரு காரணம் என்றனர்.

மருந்தாகவும் இதனை ஆராய்தல் நிகழ்கின்றது. பதற்ற நோய்க்காக ஆராயப்பட்டுவரும் எல். எஸ். டி. மருந்தொன்றிற்கு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விரைந்து ஆராய்தற்குரிய சிறப்புநிலை அளித்தது. அது நோயாளரைத் தேர்ந்து, அளவிட்டு, வைத்தியர் அருகிருந்து காக்கச் செய்யும் சோதனை. தனியறையிற் களிப்பிற்காக உண்பதற்கு அளித்த இசைவன்று. மனநோய்க் கூறு மரபில் உள்ளோர்க்கு அது நீங்காச் சித்தப் பிரமையைத் தூண்டலாம். பொய்க்காட்சிகள் சிலர்க்குப் பின்னரும் தொடரலாம். வெளியில் விற்கும் தாளில் தோய்ந்தது யாது, எவ்வளவு என்பதைக் கண்ணால் அறிதல் எவர்க்கும் இயலாது. 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், 1985ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் அதனைக் கடுமையாகத் தடுக்கின்றன.

ஆகவே எம் நண்பர் இருவர்க்கும் யாம் கூறும் விடை இதுவாகும். மெய்யறிவு தருவது அம்மூலக்கூறன்று. அதனை எண்பது ஆண்டுகட்கு மேலாக அளந்தும் பிரித்தும் நிறுத்தும் ஆராய்ந்த மாந்தரின் பொறுமையே. அதன் பெயரைச் சொல்லாது விடுதலும் காவலாகாது. எர்காட்டை நஞ்சென்று கூறி அறிஞர் அதனோடு நின்றிருப்பாராயின், எர்கோமெட்ரின் கிடைத்திராது.

இவ்வியாசத்தை எழுதுமுன் எம் அம்மிச்சியிடம் இச்செய்தியைக் கூறினோம். அவர் தமக்கை 1960களில், தலைப்பிள்ளை பெற்ற இரவே, உதிரப்போக்கு நில்லாது மாண்டவர். ரையின் பூஞ்சணத்தில் அதனைத் தடுக்கும் மருந்து உண்டு என்றும், கம்பின் பூஞ்சணத்தில் அம்மருந்து இல்லை என்றும், இந்த மலைமேலேயே முன்னொருகால் அதனைப் பயிரிட்டனர் என்றும் விளக்கினோம். நெடுநேரம் பேசாதிருந்து, "அந்த மருந்து அன்னைக்கு நம்ம ஊட்டுக்கு வந்திருந்தா அக்கா இருந்திருப்பா கண்ணு" என்றார்.

அம்மருந்து அன்று உலகில் இருந்தது, அச்சிற்றூருக்கு எட்டவில்லை. அறிவைத் தேடுதல் ஒரு கடன். தேடியதை எளியோர் வாசலுக்குக் கொண்டு சேர்த்தல் அதனினும் பெரிய கடன். கல்லூரியிற் பயிலும் நாம் அனைவரும் இவ்விரண்டையும் மேற்கொள்வோமாக என்று கூறி இவ்வியாசத்தை முடிக்கின்றோம்.